நான்கு வருட இடைவெளிக்குப் பிறகு சென்னை ஓஎம்ஆர் ஐடி கம்பெனிகளில் வேலை தேடுகிறேன், ஃபிரஷராக, அதாவது அனுபவமே இல்லாத புதியவளாகச் சேரச் சொல்கிறார்கள். சேரலாமா?

மேடவாக்கம் மல்லி:

எல்லோருக்கும் வணக்கம். ஜாவா டெவலப்பராக ஆறு வருடம் வேலை பார்த்தவள் நான். பெரும்பாலும் பேங்கிங் ப்ராஜெக்ட், ஜாவா 8, ஸ்பிரிங், ஆரக்கிள், கடைசி ஒரு வருடம் ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டும் சேர்ந்துகொண்டது. குழந்தை பிறந்து விடுப்பு முடிந்ததும் திரும்பிப் போகத்தான் செய்தேன். ஆனால் க்ளையன்ட் கால் தினமும் இரவு ஒன்பதரைக்கு, அதே சமயம் அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பித்தது, இரண்டையும் சேர்த்து இழுக்க முடியாமல் பேப்பர் போட்டு வேலையை விட்டுவிட்டேன். நான்கு வருடம் ஓடிவிட்டது. பையன் இப்போது யுகேஜி. மாமியார் எங்களோடு இருக்கிறார், மாலை ஆறரை வரை அவனைப் பார்த்துக்கொள்வார். கணவருக்கு அம்பத்தூரில் வேலை, வீடு வந்து சேர எட்டரை ஆகும்.

இப்போது பிரச்சினை. பெருங்குடியில் ஒரு கம்பெனியில் இரண்டு டெக்னிக்கல் ரவுண்டும் நன்றாகப் போனது. எச்ஆர் ரவுண்டில் முதல் கேள்வியே, "பையனுக்குக் காய்ச்சல் வந்தால் வீட்டில் யார் லீவு போடுவீர்கள்?" அதற்கு அப்புறம் வந்த ஆஃபர், ஒன்று ஃபிரஷர் சம்பளம், இல்லையென்றால் யுஎஸ் ஷிஃப்டில் சப்போர்ட் வேலை, அதிலும் பழைய சம்பளத்தில் பாதி. ஆறு வருட அனுபவம் என்ன ஆனது என்று கேட்டால் "கேப் இருக்கே மேடம்" என்கிறார்கள்.

இதற்கிடையில் வேளச்சேரியில் ஒரு கன்சல்டன்சியில், பணம் கட்டினால் இந்த நான்கு வருடமும் அவர்களிடம் வேலை பார்த்ததாக லெட்டர், பே ஸ்லிப் எல்லாம் தருகிறோம், எல்லோரும் இப்படித்தான் போகிறார்கள் என்று சொன்னார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனாலும் வேறு வழியே இல்லையோ என்று பயமாக இருக்கிறது.

ஃபிரஷராகச் சேர்ந்துவிடலாமா? விட்டுப்போனதைப் படிக்க எங்கிருந்து தொடங்குவது? சேரும் முன்பே குழந்தைக் காப்பகம், கால் நேரம் இதையெல்லாம் கேட்டால் கையில் இருக்கும் ஆஃபரும் போய்விடுமா? இந்த நிலையைத் தாண்டி வந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

தரமணி அக்கா:

மல்லி, முதலில் அந்த வேளச்சேரி விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டவே வேண்டாம். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்கிறவர்கள் இன்று பே ஸ்லிப்பை மட்டும் பார்ப்பதில்லை, யுஏஎன் என்ற வருங்கால வைப்பு நிதி எண் வழியாக பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்கிறார்கள். எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எந்தத் தேதியில் விலகினீர்கள் என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். நான்கு வருடம் வேலை பார்த்தவருக்கு நான்கு வருடமும் பிஎஃப் ஏன் கட்டவில்லை என்ற ஒரு கேள்வியில் எல்லாம் வெளியே வந்துவிடும். சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் தெரிந்தாலும் அன்றைக்கே வெளியே அனுப்புவார்கள், அப்புறம் உங்களுடைய உண்மையான ஆறு வருடத்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்களிடம் இருக்கும் ஒரே சொத்து அந்த ஆறு வருடம்தான், அதைப் போய் பொய்யோடு கலக்காதீர்கள்.

பிஎஃப் என்றதும் இன்னொன்று. பழைய பிஎஃப் பணத்தை எடுத்துவிடவில்லையே? எடுக்கவில்லை என்றால் அப்படியே விட்டு வையுங்கள், புதுக் கம்பெனிக்கு அதே யுஏஎன்னைக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஓய்வூதியத்துக்கு மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும், உங்களுடைய ஆறு அதில் சேரும். வேலையை விட்ட பெண்கள் நிறைய பேர் கைச்செலவுக்கு என்று அதை மொத்தமாக எடுத்துவிட்டு அந்தக் கணக்கைத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறார்கள், பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

அடுத்து ஃபிரஷர் சம்பளம். என் கருத்து, வேண்டாம். நானும் இடைவெளி விட்டுத் திரும்பியவள்தான், என்னோடு திரும்பிய தோழிகளில் கீழே இறங்கிச் சேர்ந்தவர்கள் பழைய இடத்துக்கு வர ரொம்பக் காலம் பிடித்தது. ஏனென்றால் ஹைக் எப்போதும் இருக்கிற சம்பளத்தின் மேல் சதவீதமாகத்தான் வரும், அடுத்த கம்பெனியும் "இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்" என்றுதான் ஆரம்பிப்பான். ஒரு படி இறங்குவது வேறு, அதற்குச் சம்மதிக்கலாம். சீனியர் டெவலப்பர் என்பதற்குப் பதில் டெவலப்பர் என்று போடுகிறார்களா, சரி, வாங்கிக்கொள்ளுங்கள், ஆறு மாதத்தில் மறுபரிசீலனை என்று ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள். ஆனால் கல்லூரி முடித்து வந்த பிள்ளையோடு ஒரே தட்டில் உட்கார வைத்துவிட்டு, வேலை மட்டும் ஆறு வருட அனுபவத்துக்கு ஏற்ற மாதிரி வாங்குவார்கள். அதுதான் நடக்கும்.

படிப்பு. நீங்கள் பயப்படுகிற அளவுக்கு ஜாவா மாறிவிடவில்லை, ஆனால் மாறிய இடங்கள் இன்டர்வியூவில் கட்டாயம் வரும். ஜாவா 17, 21 இரண்டும்தான் இப்போது பெரும்பாலான இடங்களில். ரெக்கார்ட், சீல்டு கிளாஸ், ஸ்விட்ச் எக்ஸ்பிரஷன், 21இல் வந்த விர்ச்சுவல் திரெட், இவற்றைக் கையால் எழுதிப் பாருங்கள், வீடியோ மட்டும் பார்த்தால் நிற்காது. ஸ்பிரிங் பூட் 3 வந்தது 2022 நவம்பரில், அதற்குக் குறைந்தபட்சம் ஜாவா 17 வேண்டும், இம்போர்ட்டில் ஜாவாக்ஸ் என்று இருந்ததில் பல ஜகார்ட்டா என்று மாறிவிட்டன. உங்கள் பழைய ப்ராஜெக்டை மாதிரி ஒரு சின்ன பேங்கிங் ஆப்பை ஸ்பிரிங் பூட் 2இல் எழுதி, அதை 3க்கு நீங்களே மாற்றி, டாக்கரில் ஓட வைத்து, கோடு போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடுங்கள். என்னவெல்லாம் உடைந்தது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று அதோடு வைக்கும் ரீட்மீ குறிப்பில் எழுதுங்கள். இந்த மைக்ரேஷன் வேலை இன்றைக்கு எத்தனையோ கம்பெனிகளில் உண்மையாகவே நடந்துகொண்டிருக்கிறது, அதனால் இதைப் பேச ஆரம்பித்தால் இன்டர்வியூ எடுப்பவரே ஆர்வமாகிவிடுவார், கேப் பின்னுக்குப் போய்விடும். அடிப்படை ஆட்டம் கண்டிருந்தால் ஐஐடி மெட்ராஸ் ஒருங்கிணைக்கும் என்பிடெல் ஆன்லைன் பாடங்கள் இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். வீட்டில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூலகம் போய்விடுங்கள், வீட்டில் இருந்தால் காலிங் பெல்லுக்கும் குக்கர் விசிலுக்கும் எழுந்துகொண்டே இருப்போம்.

இடைவெளி விட்டவர்களுக்கு என்றே ஆள் எடுக்கிற வழிகள் இருக்கின்றன, அங்கே கேப் ஒரு குறையாகவே பேசப்படாது. ஸோஹோவின் பள்ளி நடத்தும் "மறுபடி" என்ற திட்டம், மூன்று மாதப் பயிற்சி. தாட்வொர்க்ஸின் வாபசி, டிசிஎஸ்ஸின் ரீபிகின், இன்ஃபோசிஸின் ரீஸ்டார்ட், டாடா குழுமம் 2008லேயே ஆரம்பித்த எஸ்சிஐபி என்ற செகண்ட் கேரியர் இன்டர்ன்ஷிப். எல்லாம் வருடம் முழுக்கத் திறந்திருக்காது, அவர்களுடைய கேரியர் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். அவ்தார் என்று சென்னையில் சௌந்தர்யா ராஜேஷ் 2000ஆம் ஆண்டு ஆரம்பித்தது, வேலைக்குத் திரும்பும் பெண்களுக்காக ரொம்ப நாளாக இயங்குகிறார்கள், அங்கேயும் ப்ரொஃபைலைப் போட்டு வையுங்கள். வாரத்துக்கு 30 மணி நேரம் ஒதுக்க முடியும் என்றால் அவுட்ரீச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் இன்டர்ன்ஷிப் இருக்கிறது, வீட்டிலிருந்தே மூன்று மாதம், உதவித்தொகை உண்டு. ரெஸ்யூமேயில் புதிதாக ஒரு தேதி ஏறும், அதுவே பெரிய விஷயம்.

கேப் பற்றிக் கேட்டால் ஒரே வரி. "குடும்பப் பொறுப்புக்காக நான்கு வருடம் விலகியிருந்தேன், இப்போது முழு நேரம் தயார், இந்த மாதங்களில் இதைச் செய்திருக்கிறேன்" என்று கிட்ஹப்புக்குப் போய்விடுங்கள். அப்பாவின் டயாலிசிஸ் கதையை நீங்கள் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

ராம்நகர் டெஸ்டர்:

அக்கா சொல்வது எல்லாம் சரி, ஆனால் மார்க்கெட் இப்போது எப்படி இருக்கிறது என்றும் பார்க்க வேண்டும். அனுபவம் இருக்கிறவர்களே ப்ராஜெக்ட் இல்லாமல் பெஞ்ச்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் தங்கை கம்மி சம்பளத்தில்தான் சேர்ந்தாள், ஒன்றரை வருடத்தில் வேறு கம்பெனி மாறி நல்ல நிலையில் இருக்கிறாள். முதலில் உள்ளே நுழைந்துவிடுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். யுஎஸ் ஷிஃப்ட் மட்டும் வேண்டாம், சின்னக் குழந்தையோடு அது உடம்பைக் கெடுத்துவிடும்.

தரமணி அக்கா:

உங்கள் தங்கைக்கு நல்லபடியாக அமைந்ததில் சந்தோஷம். வீட்டில் இந்த மாதச் செலவுக்கே வழியில்லை என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். மல்லிக்கு அந்த நெருக்கடி இருப்பதாகத் தெரியவில்லை, இரண்டு டெக்னிக்கல் ரவுண்ட் தாண்டியிருக்கிறாள், அதாவது திறமையில் குறை இல்லை என்று அந்தக் கம்பெனியே ஒப்புக்கொண்டாகிவிட்டது. அதற்கு அப்புறமும் பாதி விலை சொல்கிறார்கள் என்றால், அவளுக்கு வேறு வழி இருக்காது என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள். மல்லி, இன்னும் மூன்று நான்கு இடம் பாருங்கள், அதற்குள் முடிவு எடுக்காதீர்கள்.

சோழிங்கநல்லூர் லீட்:

நான் ஆள் எடுக்கும் பக்கத்தில் உட்காருகிறவன், அதனால் அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். "யார் லீவு போடுவீர்கள்" என்ற கேள்வியை ஆண்களிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததே இல்லை, அவர்களுக்கும்தான் குழந்தை இருக்கிறது, அதற்கும் காய்ச்சல் வருகிறது. எங்கள் டீமில் வைத்திருக்கும் வழக்கம், எல்லா வேட்பாளர்களிடமும் ஒரே கேள்விப் பட்டியல், அதில் குடும்பம் பற்றி எதுவும் கிடையாது. வேலை நேரம் இது, மாதத்தில் இத்தனை நாள் ஆன்-கால் வரும், உங்களுக்குச் சரியா என்று மட்டும் ஆணிடமும் பெண்ணிடமும் கேட்போம்.

ஐடி கம்பெனிகளின் சங்கமான நாஸ்காம் கணக்கில் இந்திய ஐடி வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். கேம்பஸில் எடுக்கும்போது ஏறக்குறைய பாதிப் பாதிதான் வருகிறார்கள், எங்கள் தளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் வரிசையைப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. மேனேஜர், ஆர்க்கிடெக்ட் என்று மேலே போகப் போக ஆளே இல்லை. நடுவில், அதாவது மல்லி விட்ட அதே ஐந்தாறு வருட இடத்தில்தான் கழன்றுபோகிறார்கள். இதற்கு மகளிர் தினத்தன்று ரோஜாவும் கேக்கும் கொடுத்துப் பயனில்லை. தினசரி வேலை எப்படி நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் கண்ணால் பார்த்தவை. மாலை ஆறு மணிக்கு மேல் "ஒரு சின்ன கால்" வைத்து டிசைன் முடிவை அங்கேயே எடுத்துவிடுவது, மறுநாள் காலை வரும் பெண்ணுக்கு முடிவு மட்டும் தெரியும், காரணம் தெரியாது, இப்படியே நாலு முறை நடந்தால் "அவங்களுக்கு ஆர்க்கிடெக்சர் பிடிபடலை" என்று பேச்சு வரும். மீட்டிங் மினிட்ஸ் எழுதுவது, பிறந்தநாள் கேக் ஏற்பாடு, புதிதாக வந்தவர்களை உட்கார வைப்பது எல்லாம் பெண்கள் தலையில், அப்ரைசலில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடையாது. மகப்பேறு விடுப்பில் போனவருக்கு அந்த வருடம் சராசரி ரேட்டிங் போட்டுவிடுவது, அவர் அதற்கு முன் ஏழு மாதம் எவ்வளவு செய்தார் என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. திரும்பி வந்ததும் "பாவம், கஷ்டப்படுத்த வேண்டாம்" என்று டாக்குமென்டேஷன் வேலையைக் கொடுப்பது. இது கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் ஆளைக் காலி செய்துவிடும்.

எங்கள் டீமில் முடிவு எடுக்கும் மீட்டிங் எல்லாம் பதினொன்றிலிருந்து நாலுக்குள், க்ளையன்ட் இரவில்தான் வருவார் என்றால் அந்தக் கால் வாரா வாரம் ஆள் மாறும், எடுத்தவர் மறுநாள் தாமதமாக வரலாம். மினிட்ஸும் சுற்றில் போகும். யார் எப்போது விடுப்பில் போனாலும், ஆணோ பெண்ணோ, வேலை பார்த்த மாதங்களை வைத்துத்தான் ரேட்டிங். இதற்குத் தனியாக பட்ஜெட் எதுவும் தேவைப்படவில்லை. லீட் ஒருவர் உறுதியாக நின்றால் போதும், மேலே கேள்வி கேட்டால் டெலிவரி தேதிகளைக் காட்டலாம்.

மல்லி, சேரும் முன் கேட்டால் ஆஃபர் போய்விடுமா என்றீர்களே. டெக்னிக்கல் ரவுண்ட் முடிந்து ஆஃபர் பேசும் கட்டத்தில் கேளுங்கள். எச்ஆரிடம் கேட்பதைவிட, யாருக்குக் கீழ் வேலை பார்க்கப் போகிறீர்களோ அவரோடு பத்து நிமிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். "உங்கள் டீமில் கடைசியாக மகப்பேறு விடுப்பு முடிந்து திரும்பியவர் இப்போது என்ன செய்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல அவர் எவ்வளவு யோசிக்கிறார் என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

கந்தன்சாவடி ஐசி:

பணியிடப் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு (ஐசி) சில கம்பெனிகளில் இருக்கிறதே, அதில் வெளி உறுப்பினராக இருக்கிறேன், சட்டப் பக்கம் மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

காப்பகம் கேட்பது சலுகை கேட்பது இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தத்தில் வந்து, இப்போது 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கும் விதிப்படி 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் குழந்தைக் காப்பக வசதி கட்டாயம், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம். முதல் இரண்டு குழந்தைக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பும் அதே திருத்தத்தில் வந்ததுதான். வேலையின் தன்மை இடம் கொடுத்தால் விடுப்புக்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்ய இரு தரப்பும் பேசி ஒப்புக்கொள்ளலாம் என்றும் இருக்கிறது. இன்னொன்று பலருக்குத் தெரியாது, இந்த உரிமைகள் என்னென்ன என்று வேலைக்குச் சேரும்போதே ஒவ்வொரு பெண்ணுக்கும் எழுத்தில் தர வேண்டும் என்று அந்த 2017 திருத்தம் சொன்னது. அதனால் "பாலிசி டாக்குமென்டை அனுப்புங்கள்" என்று கேட்பது மிக இயல்பான கேள்வி. காப்பகம் கட்டடத்திலேயே இருக்க வேண்டும் என்றில்லை, பக்கத்தில் பொதுவாகவும் இருக்கலாம், எங்கே என்று இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெயருக்கு ஒரு காப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டிருப்பார்கள், அது பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும்.

ஆள் எடுப்பதில் ஆண் பெண் பாகுபாடு கூடாது என்பது 1976 சம ஊதியச் சட்டத்திலிருந்தே இருக்கிறது, 2019 ஊதியத் தொகுப்பும் அதையே சொல்கிறது. அந்த எச்ஆர் கேள்விக்காக வழக்குப் போடச் சொல்லவில்லை, ஆனால் ஆஃபர் குறைந்ததற்கான காரணத்தை மெயிலில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே சில சமயம் தொகை ஏறும்.

அப்புறம் 2013 பணியிடப் பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டப்படி 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும், தலைவர் மூத்த பெண் ஊழியராக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்கள். கம்பெனி அனுப்பும் காரும் பணியிடம்தான், கான்ட்ராக்ட் ஊழியரும் பயிற்சியில் இருப்பவரும் புகார் கொடுக்கலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். சேர்ந்த முதல் வாரமே குழு உறுப்பினர்கள் பெயர் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடி டு துரைப்பாக்கம்:

எல்லாம் படித்தேன், நன்றாக இருக்கிறது, ஆனால் என் மாதிரி ஆட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகாதவள், ஹாஸ்டலில் இருக்கிறேன். என் டீமில் குழந்தை இருக்கிற அக்காக்களுக்கு இரவுக் கால் இல்லை, நல்ல விஷயம், ஆனால் அந்தக் கால் எல்லாம் என் தலையில் வந்து விழுகிறது. "உனக்கு என்னம்மா பொறுப்பு" என்கிறார்கள். ஊரில் அம்மா தனியாக இருக்கிறாள், அது பொறுப்பு இல்லையா? ஒரு பெண்ணுக்கு உதவுவது என்பது இன்னொரு பெண்ணின் தூக்கத்தை எடுத்துக் கொடுப்பதாக இருக்கக் கூடாது. சோழிங்கநல்லூர் லீட் சொன்ன மாதிரி எல்லோருக்கும் சுற்றில் வர வேண்டும், ஆண்களும் அந்தச் சுற்றில் இருக்க வேண்டும்.

போக்குவரத்தும் முக்கியம். 2014இல் சிறுசேரியில் ஐடி வேலை பார்த்த ஒரு பெண் கொலை செய்யப்பட்ட பிறகுதான் பல கம்பெனிகள் வீட்டு வாசல் வரை கார் என்பதைக் கறாராக எடுத்துக்கொண்டன என்று சீனியர்கள் சொல்வார்கள். இப்போது செலவைக் குறைக்கிறோம் என்று மெயின் ரோட்டில் இறக்கிவிடுகிறார்கள். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை முடிகிற வரை சர்வீஸ் ரோடு இருட்டும் பள்ளமுமாகத்தான் இருக்கும். மல்லி அக்கா, இரவில் எந்த வேலைக்குச் சம்மதித்தாலும் "வீட்டு வாசல் வரை" என்று எழுத்தில் வாங்குங்கள். ஊரிலிருந்து புதிதாக வரும் தங்கைகள் யாராவது படித்தால், தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு பக்கம் அரசு நடத்தும் தோழி விடுதி இருக்கிறது, தனியார் பிஜிக்கு அட்வான்ஸ் கட்டும் முன் அதைப் பாருங்கள்.

சோழிங்கநல்லூர் லீட்:

தூத்துக்குடி தங்கை சொல்வது நூறு சதவீதம் சரி. கால் சுற்றில் யார் பெயர் எத்தனை முறை வந்திருக்கிறது என்று ஒரு ஷீட் போட்டு டீம் முழுக்கப் பார்க்கிற மாதிரி வையுங்கள். லீட் செய்யவில்லை என்றால் நீங்களே போடுங்கள், நடந்த வேலையைத் திரும்பிப் பார்க்கும் ரெட்ரோ மீட்டிங்கில் காட்டுங்கள். எண்ணிக்கை கண் முன்னால் இருக்கும்போது "உனக்கு என்ன பொறுப்பு" என்று யாராலும் பேச முடியாது.

மேடவாக்கம் மல்லி:

எல்லோருக்கும் நன்றி, படித்துவிட்டுக் கண் கலங்கிவிட்டது. வேளச்சேரிக்கு ஃபோன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பிஎஃப் எடுக்கவில்லை, நல்ல வேளை. பெருங்குடி எச்ஆருக்கு மெயில் எழுதிவிட்டேன், சம்பளம் குறைந்ததற்குக் காரணமும் பாலிசியும் கேட்டு. கணவரிடமும் பேசினேன். பையனுக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒரு முறை நான், அடுத்த முறை அவர், அத்தைக்கு அந்த வேலை முழுவதையும் தள்ளக் கூடாது என்று முடிவு. அவருடைய மேனேஜரிடம் இப்போதே சொல்லி வைக்கிறேன் என்றார்.

அக்கா, அந்த ஸ்பிரிங் பூட் மைக்ரேஷனை ஆரம்பித்துவிட்டேன். இம்போர்ட் மாற்றியதோடு சரியாகிவிடும் என்று பார்த்தால் செக்யூரிட்டி கான்ஃபிகரேஷன் கிளாஸ் கம்பைலே ஆகவில்லை, நான் எக்ஸ்டெண்ட் செய்திருந்த கிளாஸையே காணோம்.

தரமணி அக்கா:

வெப் செக்யூரிட்டி கான்ஃபிகரர் அடாப்டர்தானே? ஸ்பிரிங் செக்யூரிட்டி 6இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது எதையும் எக்ஸ்டெண்ட் செய்ய வேண்டாம், செக்யூரிட்டி ஃபில்டர் செயினை ஒரு பீனாக எழுதித் திருப்பிக் கொடுத்தால் போதும், ஆன்ட் மேட்சர்ஸ் என்று இருக்கும் இடத்தில் ரெக்வெஸ்ட் மேட்சர்ஸ். இதை அப்படியே ரீட்மீயில் எழுதுங்கள், இன்டர்வியூவில் கேட்பார்கள். மாற்றி முடித்ததும் ரெப்போ லிங்கை எனக்குத் தனியாக அனுப்புங்கள், உட்கார்ந்து கோடு ரிவ்யூ செய்து தருகிறேன். ரெஸ்யூமேயையும் பெயர், ஃபோன் நம்பர் எடுத்துவிட்டு இங்கே போடுங்கள், லீட் தம்பியும் பார்க்கட்டும்.

சோழிங்கநல்லூர் லீட்:

போடுங்கள் மல்லி. சனிக்கிழமை காலை பையன் எழுந்திருக்கும் முன் ஒத்திகையாக ஒரு மாக் இன்டர்வியூ வைத்துக்கொள்ளலாம், ஆறரை மணி சரியாக இருக்குமா?

மேடவாக்கம் மல்லி:

ஆறரை சரி. ரெஸ்யூமே இன்று இரவே போடுகிறேன்.